நான்கு மணிக்குச் சாத்தும் வீடு

என் மகள் வற்புறுத்தியதால்தான் நான் வீட்டை விற்றேன் என்றொரு பேச்சு இந்த ஊரில் உலவுகிறது. கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வருகிறவர்களில் சிலர் என் காதுபடவே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அனுதாபம் காட்டுவதாக அவர்களுக்கு நினைப்பு. அந்த அனுதாபம் எனக்குத் தேவையில்லை. வீட்டை விற்றவன் நான். பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை மற்றவர்கள் வாயிலாகக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நானே எழுதி வைப்பது முறை.

வீடு என் கொள்ளுப்பாட்டனார் கட்டியது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. நீலச்சாயத் துணியைக் கப்பலேற்றிப் பொருள் ஈட்டியவர் அவர். கீழ்த்தளத்தைத் தூண்களும் முற்றமுமாக நம் முறையிலும், மேல்தளத்தை வளைவுச் சன்னல்களுடன் பிரெஞ்சுக்காரர் முறையிலும் அமைத்தார். பிரெஞ்சு ஆட்சிக்காலப் பத்திர அதிகாரியான நொத்தேர் எழுதிய பழைய பத்திரத்தில் வீட்டின் நான்கெல்லைகளும் பிரெஞ்சு மொழியில் குறிக்கப்பட்டிருக்கும். பின்கட்டுக்கு அப்பால் தோட்டம். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். துறைத்தலைவனாக ஓய்வு பெற்றேன். அந்தத் தோட்டத்தில் நான் பெயர் அறியாத புல்கூட முளைத்ததில்லை. எனக்கு ஒரே மகள். எனக்குப் பிறகு அவள் அந்த வீட்டை வைத்துக்கொள்வாளா மாட்டாளா என்பது, என் மனைவி காலமான நாளிலிருந்து நான் வாய்விட்டுக் கேட்காத கேள்வியாக இருந்தது.

மகள் இங்கே கதிர்காமத்து மருத்துவக் கல்லூரியில் படித்து இங்கிலாந்துக்குப் போனவள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவர். மருமகன் கணினி வேலையில் இருக்கிறார். சேதராப்பட்டுப் பக்கத்துப் பையன். அவருடைய தகப்பனார் அங்குள்ள தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்தவர். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் சிரிப்பாக்கிவிடுகிற சுபாவம். அவர்கள் அழைத்ததன் பேரில் ஒரு கோடைக்காலம் முழுவதும் அங்கே தங்கினேன்.

ஞாயிறுதோறும் காரில் கிராமப்புறத்துக்கு அழைத்துப் போவார்கள். பிரபுக்களின் பழைய மாளிகைகளையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் பார்ப்பது அங்கே குடும்பங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அவற்றைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் ஆகிவிட்டால் எந்த மாளிகைக்கும் போய்வரலாம். என் மகளும் உறுப்பினர். நம் ஊரில் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்புவது போலச் சாப்பாட்டை டப்பாக்களில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்தத் தோட்டங்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. வேலியாக வளர்த்த மரங்களைச் சுவர்போல மழித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு மாளிகையில் வெப்ப நாட்டுச் செடிகளுக்கென்று கண்ணாடியில் ஓர் அறை கட்டி, குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டிருந்தார்கள். அதன் நடுவில், பெயர்ப் பலகையோடு, ஒரு வாழை நின்றது. குலை தள்ளவில்லை. இலை ஓரம் கருகியிருந்தது. அதைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஊர்ல நம்ம பின்கட்டுக்கு டிக்கெட் போட்டா நாமளும் பிரபுதான்" என்றார் மருமகன்.

நான் சிரிக்கவில்லை. வாழைக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சிதான். மகிழ்ச்சி என்பதைவிட நம்பிக்கை என்று சொல்வது பொருந்தும். தன் வீடும் மரமும் தனக்குப் பின்னும் நிற்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர்களின் நாடு இது. இங்கே வாழ்கிற என் மகளுக்கு அந்த எண்ணம் தானாகத் தொற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். அவள் அங்கே ஒரு மாளிகையில் மாதம் சில நாட்கள் சம்பளமில்லாமல் தொண்டு செய்கிறாள் என்று தெரிந்தபோது அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது.

வாரிசுகள்மேல் விழும் மரண வரியைக் கட்ட முடியாமல் ஒரு குடும்பம் அந்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்ட மாளிகை அது. வாரிசுகள் ஒரு பக்கத்துச் சில அறைகளில் மட்டும் குடியிருந்தார்கள். மற்ற அறைகளைத் தொண்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் பார்வையாளர்களை விடாமல் கதவை அடைத்து, சாமான்களுக்கு உறை போட்டு மூடி வைப்பார்கள். அதை 'வீட்டைத் தூங்க வைப்பது' என்று சொல்வார்களாம். குதிரை மயிரால் செய்த தூரிகையால் சுவர்ச் சித்திரத்தின் தூசியைத் தட்டுவதும், தூசி உறிஞ்சும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டி, உதிர்ந்துவிட்ட துணுக்கு எதுவும் உள்ளே போகாமல் பார்ப்பதும், ஒவ்வொரு புத்தகத்தின் மேல் விளிம்பையும் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைப்பதும் அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அதைச் செய்து காட்டினாள். ஒரு டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்தி, "கைப்பிடிய புடிச்சுத் தூக்கவே கூடாது பா. பழைய சாமான்ல மொதல்ல ஒடையறது கைப்பிடிதான்" என்றாள்.

நம் வீட்டு மாடத்தில் விரிசல் கண்ட பீங்கான் கூஜா ஒன்று இருந்தது, கப்பலில் வந்தது. அதை அவள் ஒரு நாளும் அப்படி ஏந்திப் பார்த்ததில்லை. இருந்தாலும், கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு அந்த மாளிகையின் நூலக அறையில் முறை. "ரெண்டு மணிக்கு மேல வாங்க பா, கூட்டம் கொறவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னதாகவே போய்விட்டாள். நான் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து போனேன். மருமகன் தோட்டத்தில் தங்கிவிட்டார்.

அறைக்குள் வெளிச்சம் குறைவு. சன்னல்களில் திரையை இறக்கியிருந்தார்கள். மார்பில் பெயர் அட்டையுடன் என் மகள் சன்னலோரம் நின்று ஓர் ஆங்கிலேயத் தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த அலமாரிகளைச் செய்வித்தவர் யார், எந்தப் பேரன் யுத்தத்தில் இறந்தான், அவனுடைய தாயார் எத்தனை காலம் அவன் படுக்கையை மாற்றாமல் வைத்திருந்தார் என்பதையெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் ஒரு பெரிய வீட்டின் நடுவில், அந்த வீட்டுக்கு உரியவளைப் போல நின்று பேசுவதை நான் பார்க்க விரும்பியிருந்தேன், பார்த்தேன். வீடுதான் வேறு.

முழங்கால் வலித்தது. அருகில் ஒரு நாற்காலி. அதன் இருக்கையில் காய்ந்த முட்செடிப் பூ ஒன்று கிடந்தது. யாரோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்து மறந்துவிட்டார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். அதன் குடும்பப் பெயர்கூட நினைவுக்கு வந்தது. பூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் இருக்கிற இடத்துக்குத் தகப்பன் போனால் முதலில் நாற்காலி போடுவது நம் வழக்கம். போட யாரும் இல்லை. நானே உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அவள் திரும்பினாள். இரண்டு அடி எடுத்து வந்து, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில், "சார், அருள்கூர்ந்து எழுந்துகொள்ள முடியுமா? அந்த நாற்காலி உட்காருவதற்கானது அல்ல" என்றாள். என் கையிலிருந்த பூவை வாங்கி, நான் எழுந்ததும் இருக்கையில் பழையபடி வைத்தாள். உட்காரக்கூடாத நாற்காலிகளில் முட்பூ வைப்பது அந்த மாளிகைகளின் ஏற்பாடாம். பலகையில் எழுதி வைத்தால் அழகு கெட்டுவிடுமாம். அந்தத் தம்பதி என்னைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகை செய்தார்கள். அவர்களுக்கு நான் இன்னொரு பார்வையாளன்.

இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியதில்லை. துணைவேந்தர் வந்த கூட்டத்தில்கூட எனக்கு முன்வரிசைதான். அது போகட்டும். 'அப்பா' என்று சொல்லி எழுப்பியிருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேனா?

மாலையில் தோட்டத்தின் கோடியில் மூவரும் நின்றிருந்தோம். அங்கே புல்வெளிக்கு நடுவே ஒரு பள்ளம் வெட்டி, அதன் ஒரு பக்கத்தில் சுவர் எழுப்பியிருந்தார்கள். மாளிகையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. தோட்டமும் அதற்கப்பால் மாடு மேய்கிற வெளியும் ஒரே நிலமாகத்தான் தெரியும். கிட்டே வந்தால்தான் இடையில் வழியில்லை என்பது புரியும்.

"மாமா, அந்த நாற்காலில கடைசியா உக்காந்தது நீங்கதான். இனிமே கைடு எல்லாம் உங்க பேரையும் சேத்துதான் சொல்லுவாங்க" என்றார் மருமகன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மகள் அவரிடம். பிறகு என்னிடம், "நான் டூட்டில இருந்தேன் பா. அப்பான்னு கூப்ட்டா சொந்தக்காரங்கள உக்கார வெச்சிட்டேன்னு பேசுவாங்க. புரியுதில்ல?"

"எனக்கு எல்லாம் புரிகிறது" என்றேன். "புரியாதது ஒன்றுதான். யாரோ ஒரு பிரபுவின் புத்தகத்தைச் சம்பளமில்லாமல் துடைக்கிறாய். அதில் பாதி அக்கறை நம் வீட்டின்மேல் உனக்கு வராதா? எனக்குப் பிறகு அந்த வீட்டை நீ வைத்துக்கொள்ள மாட்டாயா?"

கேட்டுவிட்டேன். பள்ளத்துக்கு அப்பால் மாடுகள் நின்றிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இந்த வீடு எனக்கு ஏன் புடிக்குது தெரியுமா பா? நாலு மணி ஆனா கதவைச் சாத்திட்டு நான் வீட்டுக்குப் போயிடலாம். நம்ம வீட்ல அம்மா எத்தன மணிக்கு வீட்டுக்குப் போனாங்க?"

"அவளுக்கு அதுதானே வீடு!"

"அதான் பா சொல்றேன். முத்தத்தக் கழுவணும், தூணத் தொடைக்கணும், மழ வந்தா மெத்த மாடில தண்ணி போற வழி அடைக்காம பாக்கணும், வர்றவங்களுக்கெல்லாம் காபி போடணும். அந்த வீட்டத் தொடைச்சுத் தொடைச்சே போய்ட்டாங்க. பாக்கறவங்க எல்லாம் சார் வீடு எவ்ளோ நல்லா வெச்சிருக்காருன்னுதான் சொன்னாங்க."

மருமகன் இந்த முறை சிரிக்கவில்லை. காரை எடுத்துவருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். என் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஊரார் மெச்சும்படி ஒரு வீட்டை நடத்துவது ஒரு பெண்ணுக்குக் கௌரவம் என்றே அவள் நினைத்தாள். என்னிடம் அப்படித்தான் சொன்னாள். இவற்றையெல்லாம் நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மகளோடு வெளியிடத்தில் வாதம் செய்வது எனக்குப் பழக்கமில்லை. எஞ்சிய வாரங்களில் எந்த மாளிகைக்கும் நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். அதை அவர்கள் நம்பினார்கள், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பினேன். அந்த மழைக்காலத்தில் மேல்தளத்து அறையொன்றில் கூரையின் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்பைக் கடுக்காய் நீரில் புளிக்க வைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தேன். அவர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. சிமெண்டுக்காரர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். இன்னொருவரும் வந்தார். சென்னையிலிருந்து வந்த விடுதிக்காரர் அவர். நம் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடுகளை வாங்கி, சுவருக்கு மஞ்சள் வண்ணம் பூசி, வெளிநாட்டவர் தங்கும் விடுதியாக்கியவர். அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன்.

தன் தாயாரின் திதிக்கு மகள் வந்தாள். சடங்கு முடிந்து, உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கூடத்து ஊஞ்சலில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"பா, உங்க கிட்ட ஒன்னு சொல்லணும். உங்களுக்கப்புறம் நான் இத வித்துடுவேன். வெச்சிக்கிறேன்னு இப்ப தலையாட்டிட்டு அப்புறம் விக்கறது எனக்குப் புடிக்கல."

"யாருக்கு விற்பாய்?"

"யாரு கேக்கறாங்களோ அவங்களுக்கு. அங்கேருந்து வந்து நான் எத்தன நாள் உக்காந்து பேரம் பேச முடியும்? மொதல்ல கேக்கறவருக்குத்தான்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊருதான் எனக்கு லீவு குடுக்குதா?" என்றாள். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "நீங்க இருக்கற வரைக்கும் ஒன்னும் மாறாது பா. நிம்மதியா இருங்க" என்றாள்.

நிம்மதியாக இருக்கச் சொல்ல இதைவிட மோசமான தருணத்தை அவள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அவள் திரும்பிப் போன பின், அந்த வீட்டில் நான் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் மரணத்துக்குக் காத்திருக்கிற நாளாகிவிட்டது. என் மரணத்துக்கு நான் அஞ்சவில்லை. காரியம் முடிந்த கையோடு தரகர்கள் படியேறுவார்கள். அவள் விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் வந்த விலைக்குக் கொடுப்பாள். 'அப்பனுடைய கருமாதி ஈரம்கூடக் காயவில்லை, மகள் வீட்டை விற்றுவிட்டாள்' என்று தெரு பேசும். அந்தப் பேச்சு அவளுக்குக் கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனால் அது இருக்கும். என் கொள்ளுப்பாட்டனார் கட்டிய வீட்டைப் பற்றிய கடைசிப் பேச்சாக அது இருப்பதை நான் விரும்பவில்லை. என் மகளைப் பற்றி அப்படிப் பேசப்படுவதையும்தான்.

எனவே, அடுத்த முறை விடுதிக்காரர் வந்தபோது உள்ளே வரச் சொன்னேன். தூண்களை அகற்றக்கூடாது, முற்றத்தை மூடக்கூடாது, தோட்டத்துச் சப்போட்டா மரத்தை வெட்டக்கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கும் அவைதான் வேண்டியிருந்தன என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மகளுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "நல்ல முடிவு பா" என்றாள்.

லாசுப்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினேன். பால்கனியில் நான்கு தொட்டிகளுக்குத்தான் இடம் இருக்கிறது. குடும்பப் படங்களை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுவந்தேன்.

விடுதி திறக்கும் முன்பு அதன் மேலாளரான ஓர் இளம் பெண் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். "சார், உங்க ஃபேமிலி ஃபோட்டோ ஏதாச்சும் குடுத்தீங்கன்னா கூடத்துல பெருசா மாட்டுவோம். இந்த வீடு யாருதுன்னு கெஸ்ட் எல்லாம் ஆசையா கேப்பாங்க சார்."

"விருந்தாளிகள் கேட்பார்கள் என்பதற்காக என் முன்னோர் படம் எடுத்துக்கொள்ளவில்லை" என்றேன். அவள் வருத்தப்படாமல் வணங்கிவிட்டுப் போனாள். இனிப்பை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, கடற்கரையில் என்னோடு பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் எதிர்ப்பட்டார்.

"நேத்து உங்க வீட்டுக்குப் போயிருந்தேன் சார். என் மருமவன் கூட்டிட்டுப் போய் காபி வாங்கிக் குடுத்தான். கொள்ளையா வாங்கறானுங்க, ஆனா காபி பரவால்ல. கூடத்துல உங்க கொள்ளுப்பாட்டனார் படம் பாத்தேன். அடேயப்பா, என்னா மீச! அந்த மூக்கு அப்படியே உங்களுக்கு வந்திருக்கு சார்."

என் கொள்ளுப்பாட்டனாருக்கு மீசை கிடையாது. மழித்த முகம், ஒடுங்கிய கன்னம், சிறிய கண்கள். நின்று பார்க்கத் தோன்றாத முகம். அந்தப் படம் என் பீரோவுக்குள் இருந்தது.

மறுநாள் போனேன். விற்ற பின் அந்தப் படியில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. கூடத்தில் ஆளுயரச் சட்டத்துக்குள் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் நகை நிறைந்த ஓர் அம்மாள். பழைய சாமான் கடையில் வாங்கிய படம். எந்த ஊர்க் குடும்பமோ, யார் வாரிசுகள் விற்றார்களோ தெரியாது. காபி கொண்டுவந்த பணியாள் நான் பார்ப்பதைப் பார்த்து, "இவங்கதான் சார் இந்த வீட்டக் கட்டினவங்க. நீலத் துணி யாவாரம்" என்றான். நான் விற்பனையின்போது சொன்ன செய்தி அது. அந்த மனிதர்மேல் ஒட்டியிருந்தது. இவர் அவரல்லர் என்று சொல்ல வேண்டுமானால், பீரோவிலிருந்து அவர் படத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த வாரம் மகள் அழைத்தாள். குரலில் உற்சாகம்.

"பா, அந்த ஹோட்டல் வெப்சைட் பாத்தேன். கூடத்துல மாட்டிருக்காங்களே, அது உங்க கொள்ளுத்தாத்தாவா? நான் இந்தப் படத்தப் பாத்ததே இல்லியே. எங்க வெச்சிருந்தீங்க?"

அவள் பிறந்து வளர்ந்த கூடத்தில், அவள் சாப்பிட்ட இடத்துக்கு நேர் எதிரே, சரியான படம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"என்ன கம்பீரமா இருக்காரு பா! நான் வேல பாக்கற எடத்துல எல்லாருக்கும் காட்டினேன். நீ பெரிய எடத்துப் பொண்ணுன்னு சொல்லவே இல்லியேன்னு கேக்கறாங்க. அவருதானே பா?"

எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. இனி மறுத்தால் இழுக்கு அவளுக்கு.

"அவர்தான்" என்றேன்.